மூன்றாவது படி

வணிக மென்பொருள் எதையாவது லினக்ஸ் சர்வரில் நிறுவியவர்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடமாகவே இருக்கும். கையேட்டின் முதல் படி: போதுமான நினைவகம் இருக்கிறதா என்று பார்க்கவும். இரண்டாவது படி: கீழ்க்கண்ட பொதிகளை நிறுவவும். மூன்றாவது படி: எஸ்.ஈ.லினக்ஸை அணைத்துவிட்டு சர்வரை மறுதொடக்கம் செய்யவும். ஏன் என்று ஒரு வரிகூட இருக்காது. ‘அடுப்பைப் பற்றவைக்கவும்’ என்று சமையல் குறிப்பில் எழுதுகிறவர் காரணம் சொல்வதில்லை அல்லவா, அதே தொனி.

இந்த மூன்றாவது படியின் மேல்தான் எனக்குக் கோபம். அதை விளக்குவதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும்.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு சிறிய நிறுவனத்தில், வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்யும் இணையச் செயலி ஒன்றை வாங்கினார்கள். நிறுவும் பொறுப்பு என்னுடையது. என் ஹோம் அடைவில் இறக்கி, விரித்து, வெப் சர்வரின் அடைவுக்கு நகர்த்தினேன். பக்கம் திறக்கவில்லை. கோப்புகளின் அனுமதிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. விற்ற நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவுக்குப் போன் செய்தேன். “சார், எஸ்.ஈ.லினக்ஸ் ஆன்ல இருக்கா? மூணாவது ஸ்டெப் பாருங்க சார். அத ஆஃப் பண்ணிடுங்க, எல்லாம் சரியாயிடும். எல்லாக் கஸ்டமரும் அப்படித்தான் வச்சிருக்காங்க.” இரவு பதினொன்றரை மணி. அணைத்தேன். பக்கம் திறந்தது. நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். அந்த நாளை மூன்று வருடம் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து, அந்தச் செயலியில் இணைப்புகளை ஏற்றும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாக யாரோ ஒரு சிறிய பி.ஹெச்.பி. கோப்பை ஏற்றினார்கள். அது வெளியே ஏதோ ஒரு முகவரிக்குத் தொடர்பு கொண்டது, மேலும் சில கருவிகளை இறக்கிக்கொண்டது, சர்வர் முழுவதும் துழாவியது. வேறொரு வேலைக்காக நான் அனுமதியைத் தளர்த்தி வைத்திருந்த என் ஹோம் அடைவில், சம்பளப் பட்டியலின் காப்புப் பிரதி ஒன்று கிடந்தது. ஊழியர்களின் பெயர், சம்பளம், வங்கிக் கணக்கு எண். அது போயிற்று.

பிறகு உட்கார்ந்து படித்தபோது தெரிந்ததுதான் என்னை உறுத்தியது. எஸ்.ஈ.லினக்ஸ் இயங்கியிருந்தால் அந்த பி.ஹெச்.பி. கோப்பு ஏறியதையோ ஓடியதையோ அது தடுத்திருக்காது. ஆனால் வெப் சர்வர் தானாக வெளியே தொடர்பு கொள்வதை அதன் இயல்பான பாலிசி அனுமதிப்பதில்லை. ஹோம் அடைவுகளைப் படிப்பதையும் அனுமதிப்பதில்லை. முதல் கதவு உடைந்திருக்கும், அடுத்த இரண்டு கதவுகள் நின்றிருக்கும். அந்த இரண்டையும் நான்தான் கழற்றி வைத்திருந்தேன்.

அன்று இரவு பக்கம் திறக்காததற்குக் காரணம் என்ன தெரியுமா? கோப்புகளை நகலெடுக்காமல் நகர்த்தியது. நகலெடுத்தால் கோப்பு புதிய இடத்தின் முத்திரையைப் பெறும். நகர்த்தினால் பழைய இடத்தின் முத்திரையோடு வரும். ‘இது ஒரு பயனரின் வீட்டுக் கோப்பு’ என்ற முத்திரையோடு வந்ததை வெப் சர்வர் தொட மறுத்தது. முத்திரைகளைச் சரிசெய்ய ஒரே ஒரு கட்டளை போதும், பத்து விநாடி வேலை. அதை அந்தக் கையேட்டில் எழுதியிருக்கலாம். செயலியைப் பொதியாகக் கட்டியவர்கள் நிறுவும்போதே தானாக நடக்கும்படி செய்திருக்கலாம். செய்யவில்லை. அணைக்கச் சொன்னார்கள்.

*

பாலிசி என்றதும் எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஞாபகம் வர வேண்டாம். இது வேறு.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் கொத்துச்சாவி இருக்கிறது. பழைய யூனிக்ஸ் முறையில், மேனேஜர் பெயரைச் சொல்லி உள்ளே வருகிற எல்லோருக்கும் கொத்துச்சாவி முழுவதும் கிடைக்கும். சமையல் மாஸ்டருக்கு ஸ்டோர் ரூம் மட்டும் போதும். ஆனால் அவர் கையில் மணப்பெண் அறைச் சாவியும் இருக்கும், மொய்ப்பணம் வைத்திருக்கும் பீரோ சாவியும் இருக்கும். மாஸ்டர் நல்லவராக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மாஸ்டர் வேஷத்தில் இன்னொருவன் வந்தால்?

பாலிசிக் கோப்பு என்பது மண்டபத்தின் கர்னல் கையில் இருக்கும் பட்டியல். சமையல் மாஸ்டர் ஸ்டோர் ரூமுக்கும் அடுப்படிக்கும் போகலாம், வேறெங்கும் போகக்கூடாது, மேனேஜரே சொன்னாலும் கூடாது. இவ்வளவுதான் தத்துவம். நடைமுறையில் இரண்டு பெரிய மரபுகள் உண்டு. எஸ்.ஈ.லினக்ஸ் ஒவ்வொரு ஆளுக்கும் பொருளுக்கும் முத்திரை குத்துகிறது. எந்த முத்திரை எந்த முத்திரையைத் தொடலாம் என்பது விதி. ஆப்ஆர்மர் இடத்தின் பெயரை வைத்து விதி எழுதுகிறது. இந்த நிரல் இந்தப் பாதையில் உள்ள கோப்பைப் படிக்கலாம், அந்தப் பாதையில் எழுதலாம்.

எஸ்.ஈ.லினக்ஸை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் பொதுவெளியில் வைத்தது. 2003இல் கர்னலின் பிரதான கிளைக்குள் வந்தது. 2004 மே மாதம் ஃபெடோரா கோர் 2 வந்தபோது, எல்லா நிரல்களையும் கட்டுப்படுத்தும் கறாரான பாலிசியோடு வந்தது. சோதனைப் பதிப்புகளில் எது எடுத்தாலும் தடை என்றானதால், இறுதி வெளியீட்டில் அதை அணைத்த நிலையில் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் கோர் 3இல் பாடம் கற்றுக்கொண்டு, ஒரு டஜன் அளவிலான சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தும் பாலிசியை இயங்கும் நிலையிலேயே கொடுத்தார்கள். அது நிலைத்தது. ஆனால் அந்த முதல் ஆறு மாதத்தின் கெட்ட பெயர் இன்றுவரை போகவில்லை. இருபது வருடப் பழைய வதந்தியை வைத்துக்கொண்டு இன்றைக்கும் கையேடு எழுதுகிறார்கள்.

ஆப்ஆர்மரின் கதை வேறு மாதிரி. இம்யூனிக்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் பிறந்தது. 2005இல் நோவெல் அந்த நிறுவனத்தை வாங்கியது. இரண்டே ஆண்டில் அதை எழுதிக்கொண்டிருந்த குழுவையே வீட்டுக்கு அனுப்பியது. பிறகு உபுண்டுவை உருவாக்கும் கேனானிகல் எடுத்து வளர்த்து, 2010இல் கர்னலுக்குள் சேர்ந்தது. டெபியன் 2019இல் வெளியிட்ட பத்தாம் பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே இயக்குகிறது. தொழில்நுட்பம் செத்துப்போகவில்லை. ஆனால் அதற்கு வீட்டுக்காரர் யார் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

*

அந்தக் கேள்விதான் என் வழக்கும். பாலிசிக் கோப்பு ஒரு அநாதைக் கோப்பு. நிரலை எழுதியவருக்கு அது டிஸ்ட்ரோக்காரர்களின் தலைவலி. டிஸ்ட்ரோவில் பொதியைக் கட்டுபவருக்கு அது பாதுகாப்புக் குழுவின் தலைவலி. பாதுகாப்புக் குழுவுக்கோ, தாங்கள் ஒருநாளும் ஓட்டிப் பார்த்திராத நூற்றுக்கணக்கான நிரல்களுக்கு விதி எழுத வேண்டிய தலைவலி.

ஃபெடோராவில் நெடுங்காலம் எல்லா நிரல்களின் விதிகளும் ஒரே பெரிய பொதிக்குள் இருந்தன. கைவிரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சிலர் அதைப் பராமரித்தார்கள். அவர்களின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஏற்பாடு தவறு. ஒரு தரவுத்தள நிரல் புதிய பதிப்பில் தன் சாக்கெட் கோப்பை வேறொரு அடைவில் வைக்க ஆரம்பிக்கிறது. அதை எழுதியவருக்குத் தெரியும். பொதி கட்டியவருக்கும் தெரியும். விதி எழுதுபவருக்கு எப்போது தெரியும்? ஆயிரம் பேரின் சர்வர்களில் தடை விழுந்து, அவர்களில் பத்துப் பேர் புகார் எழுதி, மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர் அணைத்துவிட்டுத் தூங்கப்போன பிறகு.

‘எஸ்.ஈ.லினக்ஸ் வந்து கெடுத்துடுச்சு’ என்பார்கள். அது எதையும் கெடுக்கவில்லை. நிரல் மாறிற்று, யாரும் அதற்குச் சொல்லவில்லை.

டெபியன், உபுண்டு பக்கம் வேறொரு சிக்கல். ஆப்ஆர்மரின் கோப்புகள் உள்ளமைவுக் கோப்புகளாகக் கருதப்படும் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. நிர்வாகி அவசரத்துக்கு ஒரு வரி சேர்க்கிறார். அடுத்த மேம்படுத்தலில் பொதி மேலாளர் கேட்கிறது: நீங்கள் மாற்றியதை வைத்துக்கொள்ளட்டுமா, புதியதைப் போடட்டுமா? எவனும் தன் மாற்றத்தை இழக்க விரும்பமாட்டான். என்டர் தட்டினாலும் பழையதுதான் நிற்கும். ஆக நிரல் புதியது, விதி பழையது. அடுத்த மாதம் தடை விழும்போது ஆப்ஆர்மர்மீது பழி. உள்ளூர் மாற்றங்களுக்கென்றே ‘லோக்கல்’ என்று தனி அடைவு இருக்கிறது, பொதி அதைத் தொடாது. எனக்குத் தெரிந்த நிர்வாகிகளில் அதைப் பயன்படுத்துகிறவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். பொதியும் அதை வலியச் சொல்வதில்லை.

இதெல்லாம் வெறும் பொதி கட்டும் சில்லறை விஷயம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்கலாம். பாதுகாப்பு நிற்பதும் விழுவதும் அந்தச் சில்லறையில்தான் என்பதற்கு மூன்று சம்பவங்கள் சொல்கிறேன்.

2019 பிப்ரவரியில் ரன்சி என்ற நிரலில் ஒரு ஓட்டை அறிவிக்கப்பட்டது. டாக்கர் முதலான கன்டெய்னர் அமைப்புகளுக்கு அடியில் இருக்கும் சின்ன நிரல் அது. கன்டெய்னருக்குள் இருக்கும் கெட்டவன், வெளியே இருக்கும் ரன்சியையே மாற்றி எழுதி, முழு இயந்திரத்தையும் கைப்பற்றலாம். ஃபெடோராவில் என்ன ஆயிற்று? டாக்கர் என்ற பெயரிலிருந்த பொதியையும் பாட்மனையும் பயன்படுத்தியவர்களை எஸ்.ஈ.லினக்ஸ் காப்பாற்றியது. மோபி என்ஜின் என்ற பொதியைப் பயன்படுத்தியவர்களைக் காப்பாற்றவில்லை. அதே டிஸ்ட்ரோ. அதே பாலிசி. மோபி என்பதும் டாக்கரின் மூலநிரல்தான். வித்தியாசம் ஒன்றே: முதல் இரண்டும் கன்டெய்னருக்குள் ஓடுவனவற்றுக்கு இறுக்கமான கன்டெய்னர் முத்திரையைக் குத்தின. மூன்றாவதில், கன்டெய்னர்களை நடத்தும் என்ஜினுக்கு உரிய தாராளமான முத்திரையோடேயே அவை ஓடின. சட்டம் புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆளுக்கு அடையாள அட்டை கொடுத்த இடத்தில் கோட்டைவிட்டார்கள்.

இரண்டாவது, ஓப்பன்சூசே. பாலிசி என்பது கர்னல் விதிகள் மட்டுமல்ல. சாதாரணப் பயனர் எந்த அதிகாரமுள்ள சேவையிடம் என்ன கேட்கலாம் என்று தீர்மானிக்கும் டி-பஸ், போல்கிட் கோப்புகளும் பாலிசிக் கோப்புகள்தான். இவற்றைக் கொண்டுவரும் பொதிகளை சூசேயின் பாதுகாப்புக் குழு பரிசீலித்து ஒப்புக்கொண்டால்தான் கட்டும் அமைப்பு உள்ளே விடும். நல்ல ஏற்பாடு. டீப்பின் என்ற டெஸ்க்டாப்பின் பல பகுதிகள் அந்தப் பரிசீலனையில் தேறாமல் நின்றன. 2021 ஏப்ரலில் ஒரு பொதி சத்தமில்லாமல் நுழைந்தது. நிறுவும்போது அது ‘உரிம ஒப்பந்தம்’ என்ற பெயரில் ஒரு பெட்டியைக் காட்டும். ஒப்புக்கொண்டால், பரிசீலிக்கப்படாத அந்தக் கோப்புகளை ஒரு சுருக்கப்பட்ட மூட்டையிலிருந்து பிரித்துக் கணினியின் அடைவுகளில் போட்டுவிடும். பைக்குள் பையாக வந்ததால் சோதனைச் சாவடிக்குத் தெரியவில்லை. பாதுகாப்புக் குழுவின் கண்ணில் அது பட்டது 2025 ஜனவரியில். மே மாதம் டீப்பினையே டிஸ்ட்ரோவிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள்.

எனக்கு அந்தப் பெட்டிதான் முக்கியம். பயனரை ‘சரி’ என்று ஒரு தட்டு தட்டச் சொல்லி, நிபுணர்கள் ஒப்புக்கொள்ள மறுத்த பொறுப்பை அவர் தலையில் இறக்கிவைக்கிறார்கள். மூன்றாவது படியும் இதையேதான் செய்கிறது.

மூன்றாவது, உபுண்டு 24.04. சாதாரணப் பயனர்கள் தமக்கென்று தனி நேம்ஸ்பேஸ் உருவாக்கி அதற்குள் ரூட்டாக நடந்துகொள்வதை ஆப்ஆர்மர் மூலம் கட்டுப்படுத்தினார்கள். சரியான நோக்கம். ஆனால் உலாவிகள் உட்படப் பல நிரல்களுக்கு அந்த வசதி தேவை. என்ன செய்தார்கள்? அந்த நிரல்களுக்கெல்லாம் ‘எந்தக் கட்டுப்பாடும் இல்லை, நேம்ஸ்பேஸ் அனுமதி உண்டு’ என்ற ரகத்தில் ஒவ்வொரு பாலிசிக் கோப்பு. 2025 மார்ச்சில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: யார் வேண்டுமானாலும், கணினியிலேயே இருக்கும் ஒரு கருவியைக் கொண்டு, அந்தத் தாராளமான கோப்புகளில் ஒன்றின் கீழ் தன் நிரலை ஓட்டிக்கொள்ளலாம். வேலிக்கென்று வாங்கிய கம்பியில் கேட் செய்து திறந்து வைத்த கதை. நிரல் என்ன செய்யும் என்று எழுதாமல், அது கேட்டதைக் கொடுக்க மட்டும் எழுதப்படும் பாலிசி இப்படித்தான் முடியும்.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும்.

‘பாலிசி எழுதுவது கஷ்டம்.’ கஷ்டம்தான். எஸ்.ஈ.லினக்ஸின் மொழி பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனை எடுத்துப் பாருங்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து அதில் எஸ்.ஈ.லினக்ஸ் முழுமையாக இயங்குகிறது. போன் தயாரிப்பாளர் தன் சேவைகளுக்குத் தானே விதி எழுத வேண்டும். மீறக்கூடாத விதிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதை மீறினால் பொருந்துமைச் சோதனையில் தேறாது. அந்தச் சட்டைப்பைக்காரர்கள் யாரும் மூன்றாவது படியைக் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது. மொழி அங்கேயும் அதேதான். அங்கே கடமை என்றானது, இங்கே விருப்பம் என்றானது.

‘கன்டெய்னர் வந்துவிட்டது, இனி இதெல்லாம் தேவையில்லை.’ ரன்சி கதையை மறுபடி படிக்கவும்.

‘அதற்குத்தான் தானியங்கிக் கருவி இருக்கிறதே.’ இதுதான் ஆபத்தானது. ஆடிட்-டு-அலவ் என்றொரு கருவி உண்டு. தடைகள் பதிவான லாகைக் கொடுத்தால், அவற்றையெல்லாம் அனுமதிக்கும் விதிகளை எழுதித் தரும். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் அந்த மாட்யூலுக்கு ‘மைபால்’ என்றே பெயர். நானும் அப்படியே தட்டினேன், வெப் சர்வருக்கு. இரண்டு வாரம் கழித்து மெயில் சர்வருக்கும் அதே பெயரில் தட்டினேன். இரண்டாவது மைபால் முதல் மைபாலை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. வெப் சர்வர் நின்றது. கருவியில் பிழையில்லை. பெயர்கூட வைக்காமல் சட்டம் இயற்றியவன் நான்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நிரல் என்ன செய்தது என்பதைத்தான் லாக் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. திருடன் பீரோவைத் திறக்கப் பார்த்ததையும் அது அதே தொனியில் பதிவு செய்யும், கருவி அதற்கும் அனுமதி எழுதித் தரும்.

*

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். நிரலுக்கான பாலிசி நிரலின் பொதியோடு வர வேண்டும். நிரலை மாற்றுகிற கையே விதியையும் மாற்ற வேண்டும். ஃபெடோரா சில ஆண்டுகளாக இந்தத் திசையில் நகர்கிறது: நிரலுக்கென்று தனி எஸ்.ஈ.லினக்ஸ் துணைப்பொதி, டிஸ்ட்ரோவின் விதிக்கு நூறு, பொதியின் விதிக்கு இருநூறு, நிர்வாகியின் விதிக்கு நானூறு என்று முன்னுரிமை எண்கள். யார் எழுதியது யாருடையதை மீறுகிறது என்பது எண்ணிலேயே தெரிகிறது. நிரலைச் சோதிக்கும் இயந்திரங்களில் பாலிசி இயங்கும் நிலையிலேயே சோதனை நடக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு அனுமதிக்கும் ஏன் என்று ஒரு வரி குறிப்பு வேண்டும். விதி இன்னும் முதிரவில்லை என்றால், அந்த ஒரு நிரலை மட்டும் ‘தடுக்காதே, பதிவு செய்’ என்ற நிலையில் விடும் வசதி பல வருடங்களாக இருக்கிறது. ஒரு அறையின் பூட்டு மக்கர் பண்ணினால் மண்டபம் முழுவதையும் திறந்து போடுவார்களா?

பணம் வாங்கி மென்பொருள் விற்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உங்கள் நிரல் எந்தக் கோப்பைத் தொடும், எந்தப் போர்ட்டில் பேசும், எந்த நிரலை அழைக்கும் என்று உங்களால் எழுதிக் கொடுக்க முடியாவிட்டால், அது உங்களுக்கே தெரியாது என்று பொருள். தெரியாததை எங்கள் சர்வரில் ஓட்டச் சொல்லி, காவலையும் எடுக்கச் சொல்வதற்குப் பெயர் ஆதரவு இல்லை.

இப்போது வேலை பார்க்கும் இடத்தில், நாங்களே எழுதிய அறிக்கை தயாரிக்கும் நிரல் ஒன்று இருக்கிறது. போன வருடம் அதற்கு நானும் ஒரு தம்பியும் உட்கார்ந்து பாலிசி எழுதினோம். அறுபது எழுபது வரி. சோதனையில் ஒரு தடை விழுந்தது: நிரல் ஷெல்லை இயக்கப் பார்க்கிறது. “அண்ணா, ஆடிட்-டு-அலவ் போட்டா ஒரு வரியில முடிஞ்சிடும்ணா” என்றான். “அறிக்கைக்கு எதுக்குடா ஷெல்லு?” என்றேன். இருவருக்கும் தெரியவில்லை. நிரலை எழுதியவரிடம் போனோம். அவருக்கும் உடனே ஞாபகம் வரவில்லை. தேடினால், அறிக்கையைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்புவதற்காக ஷெல் வழியாக ஜிப் கட்டளையை அழைத்திருக்கிறார். கோப்பின் பெயர் பயனர் தட்டச்சு செய்வது. பெயருக்குப் பதில் யாராவது ஒரு கட்டளையைத் தட்டியிருந்தால் அதுவும் ஓடியிருக்கும். நான்கு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது.

அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே அந்த இடத்தை ஒரு நூலகத்தின் மூலம் செய்யும்படி மாற்றிக் கொடுத்தார். ஷெல் அனுமதி எங்கள் பாலிசியில் இன்றுவரை இல்லை.

எங்கள் கையேட்டையும் அந்த வாரமே திருத்தினோம். மூன்றாவது படி இப்போது இப்படி இருக்கிறது: பாலிசிப் பொதியை நிறுவவும். ஏதாவது தடுக்கப்பட்டால் அணைக்க வேண்டாம், லாகை எங்களுக்கு அனுப்பவும். தவறு எங்களுடையதாக இருக்கலாம்.